மழைக்குட்டையில் மல்லாந்து நீந்தும் இறால்

ஐப்பசி அடைமழையில் மேய்ச்சல் நிலத்துப் பள்ளங்களும் சாலையோரக் குழிகளும் நிரம்புகின்றன. ஏரியோடும் வாய்க்காலோடும் தொடர்பில்லாத இக்குட்டைகளில், பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு குவளை நீரை மொண்டு வெளிச்சத்தில் பார்த்தால், சில இடங்களில் ஒரு வியப்பைக் காணலாம். விரற்கணு நீளமே உள்ள, கண்ணாடி போன்ற உயிர்கள் வயிற்றை மேலே காட்டி மல்லாந்து நீந்திக் கொண்டிருக்கும். மழையோடு வானத்திலிருந்து விழுந்தவையோ என்று எண்ணத் தோன்றும்.

இவை சென்ற ஆண்டோ, அதற்கும் முந்தைய ஆண்டுகளிலோ அதே மண்ணில் இடப்பட்ட முட்டைகளிலிருந்து பொரித்தவையாகும். நாம் உண்ணும் இறாலுக்கு இவை தூரத்து உறவுதான். ஆங்கிலத்தில் ஃபேரி ஷிரிம்ப் என்பர். தமிழ்நாட்டில் நன்கு ஆராயப்பட்டுள்ள இனம் ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகாட்டமஸ். 1860-இல் பெயர்ட் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலார் இதை விவரித்தார். முறுக்கிய தலை என்பது பெயரின் முற்பகுதிக்குப் பொருள். ஆணின் தலையிலுள்ள முறுக்கிக் கிளைத்த உறுப்பு, பெண்ணைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. மதுரையின் பெயரைத் தாங்கிய பிராங்கினெல்லா மதுரையென்சிஸ் என்ற இனமும் உண்டு.

இவற்றுக்கு மேலோடு கிடையாது. 11 இணைக் கால்கள் ஓயாமல் அசைந்து கொண்டிருக்கும். துடுப்பும், மூச்சு விடும் உறுப்பும், இரையை வடிக்கும் சல்லடையும் அக்கால்களே. நீரில் மிதக்கும் பாசி, பாக்டீரியா, மக்கிய துகள் ஆகியவை உணவு.

குட்டையின் ஆயுள் சில வாரங்களே. ஆகவே பிறப்பு, வளர்ச்சி, இனப்பெருக்கம் எல்லாம் அவசர அவசரமாக நடந்தாக வேண்டும். மழைநீர் நிரம்பிய ஓரிரு நாளில் குஞ்சு பொரித்து, இரண்டு வாரத்துக்குள் பருவமடைந்து, பெண் தன் முட்டைப் பையில் முட்டைகளைச் சுமக்கத் தொடங்கும். வாழ்நாளில் ஒரு பெண் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டையினுள் கரு சிறிது வளர்ந்து, அப்படியே நின்றுவிடும். தடித்த ஓடு அதைக் காக்கிறது. டிரிஹாலோஸ் என்னும் சர்க்கரை, நீர் வற்றிய கருவின் உள்ளமைப்பு சிதையாமல் தாங்குகிறது. சித்திரை வெயிலில் தரை பாளம் பாளமாக வெடித்தாலும் முட்டை சாவதில்லை. பல ஆண்டுகள் கிடந்தும் பொரிக்க வல்லது.

இதைவிடப் பெரிய சூட்சுமம் ஒன்று உண்டு. கோடையில் திடீரென ஒரு மழை கொட்டிக் குட்டை நிரம்புகிறது. நாலே நாளில் வற்றிப் போகிறது. அம்மழையை நம்பி எல்லா முட்டையும் பொரித்திருந்தால், ஒரு முட்டைகூட மிஞ்சாமல் அக்குட்டையில் வம்சமே அழிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் ஒரு பகுதி முட்டையே பொரிக்கிறது. மீதி மண்ணில் காத்திருக்கிறது. முதல் மழைக்கே குதிரில் உள்ள விதை அத்தனையும் புழுதியில் போட்டுவிடாத மானாவாரி விவசாயிக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

குட்டை வற்றுவதுதான் இவ்வுயிருக்குப் பாதுகாப்பு. ஆண்டு முழுவதும் நீர் நின்றால் மீன் வந்து சேரும். மீனிடமிருந்து தப்ப இதற்கு வழியே இல்லை. கொசுவை ஒழிக்கிறோம் என்று கம்பூசியா மீனைக் கண்ட பள்ளத்திலெல்லாம் விடுவதும், செங்கலுக்கு மண் எடுத்துப் பள்ளத்தை ஆழமாக்குவதும் இதனாலேயே இவற்றை அழித்துவிடுகின்றன. கொக்கும் வாத்தும்கூட இவற்றை உண்ணத்தான் செய்கின்றன. எனினும் அவற்றின் குடலில் செரிக்காமல் தப்பும் முட்டைகள் வேறு குட்டைக்குப் போய்ச் சேர்கின்றன. மாட்டின் குளம்பில் ஒட்டிய சேறும், காற்றில் பறக்கும் புழுதியும் இவ்வேலையைச் செய்கின்றன.

வண்டல் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முட்டைகள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் கிடக்கின்றன. குட்டை முழுவதையும் ஒரே கோடையில் வழித்தெடுத்தால், சேர்ந்திருக்கும் முட்டைகளும் வண்டியேறிப் போய்விடும். ஒரு மூலையையாவது தொடாமல் விட்டுவைப்பது செலவில்லாத காரியம்.

தெளிப்பானைக் குட்டையில் கழுவும் வழக்கம் இதைவிடக் கேடானது. இக்குடும்பத்து உயிர்கள் நஞ்சுக்கு மிக எளிதில் மடிபவை. வெளிநாடுகளில் நீரின் நச்சுத்தன்மையை ஒரே நாளில் அறிய, தாம்னோசெபாலஸ் என்ற இனத்தின் உலர்ந்த முட்டைகளைப் பொரிக்க வைத்து, அக்குஞ்சுகளைச் சோதனைக் கூடங்களில் பயன்படுத்துகின்றனர். ஆண்டுதோறும் இவை தோன்றிய குட்டையில் நல்ல மழைக்குப் பின்னும் ஒன்றுகூடக் காணப்படாவிட்டால், மாட்டை அங்கே தண்ணீர் காட்டுமுன் சற்று யோசிப்பது நல்லது.

இவற்றால் வருமானம் உண்டா என்ற கேள்வி எழலாம். அலங்கார மீன் வளர்ப்போர் குஞ்சுகளுக்கு உயிருணவாகத் தரும் ஆர்டீமியா, உப்பு நீரில் வாழும் இதன் நெருங்கிய உறவே. தூத்துக்குடி உப்பளங்களிலும் அது உண்டு. நன்னீர்த் தொட்டியில் விட்டால் ஆர்டீமியா சில மணி நேரத்தில் இறந்து நீரைக் கெடுக்கும். மழைக்குட்டை இறாலோ மீன் தின்னும் வரை உயிரோடு நீந்தும். அதிலுள்ள கரோட்டினாய்டு நிறமி மீனுக்கு நல்ல நிறம் தரும். தாய்லாந்தின் வடகிழக்கில் மக்களே இவற்றைச் சமைத்து உண்கின்றனர். அங்கு ஸ்ட்ரெப்டோசெபாலஸ் சிரிந்தோர்னே முதலிய இனங்களை வளர்க்கவும் செய்கின்றனர். ஆனால், பெயரில் இறால் இருப்பதால் விலையும் இறால் விலையாகத்தான் இருக்கும் என்று எண்ணி எவரும் கடன் வாங்கித் தொட்டி கட்ட வேண்டாம். வாங்குவோர் யார், எவ்வளவு வாங்குவர் என்று அறிந்த பிறகே இறங்க வேண்டும்.

தங்கள் குட்டையில் இவை உண்டா என்று பார்க்க விரும்புவோர், பங்குனி சித்திரையில் காய்ந்த குட்டையின் தாழ்ந்த இடத்தில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குள் உள்ள மண்ணை இரண்டு கைப்பிடி எடுத்து, அகலமான வெள்ளைத் தட்டில் பரப்பி, நாலு விரற்கடை உயரம் மழைநீர் ஊற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய் நீரும் உவர்க்கிணற்று நீரும் கூடாது. வெளிச்சம் படும் நிழலில் வைத்தால், முட்டை இருக்குமாயின், ஓரிரு நாட்களில் ஊசிமுனை போன்ற குஞ்சுகள் துள்ளுவது தெரியும். பச்சை நிறக் குளத்துநீரை மெல்லிய துணியில் வடிகட்டித் தினமும் சிறிது ஊற்றினால் போதும். மிகுதியானால் நீர் நாறிவிடும். முதல் முறை ஒன்றும் பொரிக்காவிட்டால் மண்ணை எறிந்துவிடாமல், நன்கு உலர்த்தி, சில வாரம் கழித்து மறுபடி நீர் ஊற்றிப் பார்க்கலாம்.