பூனைச் சிறுநீர் வாடை ஏன் போக மறுக்கிறது?

ஆண் பூனை வளர்க்கும் வீட்டில் சோபா மூலையை எத்தனை முறை துடைத்தாலும், மழை பெய்த மறுநாள் அந்த வாடை திரும்பிவிடும். ஜொகூரின் ஈரக்காற்றில் கேட்கவே வேண்டாம்!

அதில் இரண்டு வாடைகள் உள்ளன. ஒன்று அம்மோனியா, யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைப்பதால் வருவது. மற்றது பூனைக்கே உரியது. அதன் சிறுநீரகம் சுரக்கும் 'காக்சின்' என்ற புரதத்தின் துணையால் 'ஃபெலினின்' என்ற அமினோ அமிலம் உருவாகிறது. இதை 2006இல் விளக்கியவர்கள் ஜப்பானின் மியாசாகி குழுவினர். ஃபெலினினுக்கு வாடையில்லை. அது மெல்லச் சிதையும்போது வெளிவரும் தயோல் எனும் கந்தகச் சேர்மங்களே மூக்கைத் துளைக்கின்றன. எரிவாயுக் கசிவை உணர்த்த கேஸ் தோம்பில் கலப்பதும் இந்த இனம்தான். காயடிக்காத ஆண் பூனையிடம் ஃபெலினின் மிக அதிகம்.

வினிகர் அம்மோனியாவை அடக்கும், தயோலை அடக்காது. தயோலை ஆக்சிஜனேற்றம் செய்ய வேண்டும். 1993இல் அமெரிக்க வேதியியலாளர் பால் கிரெபாம், ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றத்துக்கு ஒரு கலவை சொன்னார்: 3% ஹைட்ரஜன் பெராக்சைடு, சமையல் சோடா, சிறிது பாத்திரச் சோப்பு. பூனைக்கும் அதே வேதியியல்தான். துணி வெளுக்கலாம், மறைவான இடத்தில் முதலில் சோதியுங்கள். மிச்சத்தைப் புட்டியில் மூடி வைத்தால் ஆக்சிஜன் அழுத்தத்தில் வெடிக்கும்.

குளோரின் வெளுப்பானை மட்டும் ஊற்றாதீர்கள். அம்மோனியாவுடன் சேர்ந்து குளோரமைன் என்ற நச்சு வாயு கிளம்பும்.

பூனை முக்கி முக்கியும் சொட்டு வரவில்லையா? வாடையை மறந்துவிட்டு, அன்றே விலங்கு மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். சிறுநீர்ப் பாதை அடைத்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.