ஊர் நகரவில்லை, மாநிலம் நகர்ந்தது! - ஒன்பதே ஆண்டுகளில் மாறிப்போன இந்திய வரைபடம்

நாகர்கோவிலில் 1930-ல் பிறந்த ஒருவர், கடைசி வரை அதே தெருவில் வாழ்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். பிறக்கும்போது அவர் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜை. 1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துக்காரர். 1956-ல் சென்னை மாநிலத்துக்காரர். 1969-ல் தமிழ்நாட்டுக்காரர். வீடு மாறவில்லை, ஊர் மாறவில்லை. ஆனால், அரசாங்கம், அலுவலக மொழி, வழக்கு போட்டால் போக வேண்டிய உயர் நீதிமன்றம் எல்லாமே மாறிவிட்டன.

இவரைப்போல கோடிக்கணக்கானவர்களின் முகவரி, 1947-க்கும் 1956-க்கும் இடையிலான ஒன்பது ஆண்டுகளில் மாறியது. இன்று நாம் பள்ளிக்கூட அட்லஸில் பார்க்கும் மாநிலங்களின் அடித்தளம் அப்போது போடப்பட்டதுதான். அதை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள்?

ஒரு நாடு அல்ல, ஒரு மூட்டை!

வெள்ளைக்காரர்கள் கிளம்பும்போது இந்தியா ஒரே துண்டாக இல்லை. சென்னை, பம்பாய், வங்காளம் போன்ற மாகாணங்களை அவர்கள் நேரடியாக ஆண்டார்கள். இன்னொரு பக்கம் 560-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். மொத்த நிலப்பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு ராஜாக்கள், நவாப்கள் கையில் இருந்தது. நாட்டின் மக்களில் சுமார் நான்கில் ஒருவர் அங்கேதான் வாழ்ந்தார்.

ஹைதராபாத் நிஜாமுக்குச் சொந்த நாணயம், சொந்த ரயில். திருவிதாங்கூருக்குச் சொந்தமாக 'அஞ்சல்' என்ற தபால் துறை, 'சக்கரம்' என்ற காசு. நம் புதுக்கோட்டையில் 'அம்மன் காசு'. மறுபக்கம், சௌராஷ்டிரப் பகுதியில் சில கிராமங்களை மட்டுமே வைத்துக்கொண்டு ஆட்சி நடத்திய குட்டி ராஜாக்களும் இருந்தார்கள்.

மாகாணங்களில் பஞ்சாபையும் வங்காளத்தையும் இரண்டாக வெட்டும் வேலை சிரில் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞரிடம் போனது. அதற்கு முன் அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. 1947 ஜூலை 8-ல் வந்து இறங்கியவருக்குக் கிடைத்தது வெறும் ஐந்து வாரம். எல்லைக்கோடு வெளியானது ஆகஸ்ட் 17-ல், அதாவது சுதந்திரம் கிடைத்து இரண்டு நாள் கழித்து! தங்கள் ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்று தெரியாமலேயே லட்சக்கணக்கானவர்கள் சுதந்திர தினத்தைக் கடந்தார்கள்.

மூன்று துறைகள், ஒரு கையெழுத்து

சமஸ்தானங்கள் கதை வேறு. பிரிட்டிஷ் முடியாட்சியோடு அவர்களுக்கு இருந்த ஒப்பந்தங்கள் 1947 ஆகஸ்ட் 15-ல் காலாவதியாகிவிடும். 'இனி நாங்கள் தனி நாடு' என்று சொல்லச் சிலர் தயாராகவே இருந்தார்கள். முதலில் அதை வெளிப்படையாகச் சொன்னவர்களில் ஒருவர் திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.ராமசாமி ஐயர். அந்த ஜூலை மாதம் 25-ம் தேதி அவர் வெட்டப்பட்டுப் படுகாயமடைந்தார். சில நாள்களிலேயே திருவிதாங்கூர் இந்தியாவுடன் இணையச் சம்மதித்தது.

சர்தார் படேலும், சமஸ்தானத் துறைச் செயலாளர் வி.பி.மேனனும் வைத்த கோரிக்கை பார்க்கச் சிறியதுதான். பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றை மட்டும் டெல்லியிடம் ஒப்படையுங்கள், மற்றதெல்லாம் உங்களுக்கே. ஆகஸ்ட் 15-க்குள் பெரும்பாலானவர்கள் கையெழுத்திட்டார்கள். ஜுனாகத், காஷ்மீர், ஹைதராபாத் ஆகியவை மிச்சமிருந்தவற்றில் முக்கியமானவை. ஜுனாகத்தில் 1948 பிப்ரவரியில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. காஷ்மீர் மன்னர் 1947 அக்டோபர் 26-ல் கையெழுத்திட்டார். ஹைதராபாத்துக்கு 1948 செப்டம்பரில் ராணுவம் போனது.

இரண்டாம் கட்டம் உடனே தொடங்கியது. 'மற்றதெல்லாம் உங்களுக்கே' என்ற பேச்சு அதிக நாள் நீடிக்கவில்லை. சிறிய சமஸ்தானங்கள் பக்கத்து மாகாணத்தில் கரைக்கப்பட்டன. புதுக்கோட்டை, மாம்பழத்துக்குப் பேர்போன பங்கனப்பள்ளி, பல்லாரி அருகிலிருந்த சண்டூர் ஆகிய மூன்றும் சென்னை மாகாணத்தில் சேர்ந்தன. 1948 மார்ச்சில் புதுக்கோட்டையை ஒப்படைத்தபோது மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானுக்கு வயது 25. தனி அரசாக இருந்த அந்த ஊர், திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. மீண்டும் தனி மாவட்டமாக 1974 ஜனவரி வரை காத்திருந்தது. அன்றைய அரண்மனைதான் இன்றைய கலெக்டர் ஆபீஸ்!

இன்னும் சில சமஸ்தானங்கள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்டன. 200-க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் சேர்ந்து சௌராஷ்டிரம் ஆனது. திருவிதாங்கூரும் கொச்சியும் 1949 ஜூலை 1-ல் இணைந்தன. தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு, உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்துக்கு என்று சமரசம் செய்துகொண்டார்கள். குவாலியரும் இந்தூரும் சேர்ந்த மத்திய பாரதத்தில் இன்னும் வேடிக்கை. குளிர்காலத் தலைநகர் ஓர் ஊர், கோடைக்காலத் தலைநகர் இன்னோர் ஊர்.

ஏ, பி, சி, டி... குடிமக்களிலும் வகையா?

1950-ல் அரசியலமைப்புச் சட்டம் வந்தபோது மாநிலங்கள் நான்கு வகையாக இருந்தன. இன்றைய தலைமுறையில் பலருக்கு இது தெரியாது.

* ஏ பிரிவு: சென்னை, பம்பாய், பீகார் போன்ற பழைய மாகாணங்கள். ஆளுநர், தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம்.

* பி பிரிவு: மைசூர், ஹைதராபாத், திருவிதாங்கூர்-கொச்சி போன்ற சமஸ்தானப் பகுதிகள். ஆளுநர் இடத்தில் 'ராஜ பிரமுகர்', பெரும்பாலும் பழைய மகாராஜாவேதான்! சட்டமன்றம் உண்டு, ஆனால் மத்திய அரசின் பொதுக் கட்டுப்பாட்டின் கீழ்.

* சி பிரிவு: டெல்லி, குடகு, போபால், கட்ச், மணிப்பூர், திரிபுரா போன்றவை. மத்திய அரசின் நேரடி நிர்வாகம்.

* டி பிரிவு: அந்தமான் நிகோபார் தீவுகள்.

இது வெறும் பெயர்ப்பலகை விஷயம் அல்ல. மணிப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை கொடுத்து 1948-லேயே தேர்தல் நடத்தி சட்டமன்றம் அமைத்த சமஸ்தானம் அது. நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது. 1949 அக்டோபரில் இந்தியாவோடு இணைக்கப்பட்டதும் அந்தச் சட்டமன்றம் கலைக்கப்பட்டது. 'சி' பிரிவில் டெல்லி, குடகு போன்றவற்றுக்குப் பிறகு சட்டமன்றம் கிடைத்தது. மணிப்பூர், திரிபுரா, கட்ச் ஆகியவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஒரே நாட்டின் குடிமக்கள்தான். ஆனால், முதலமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒருவருக்கு இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

மொழி கேட்ட கேள்வி

இதற்குள் அடுத்த கேள்வி எழுந்துவிட்டது. சென்னை மாகாணத்தில் தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசுபவர்கள் ஒன்றாக இருந்தார்கள். அரசு அலுவலகத்தில் என் மொழியில் மனு கொடுக்க முடியாதா என்பதுதான் சாமானியரின் கேள்வி. காங்கிரஸ் கட்சி 1920-லேயே தன் கிளைகளை மொழிவாரியாகப் பிரித்துக்கொண்டது. ஆனால், ஆட்சிக்கு வந்த பிறகு தயங்கியது. மதத்தின் பேரில் நாடு உடைந்த ரணம் ஆறுவதற்குள் மொழியின் பேரில் கோடு கிழிப்பதா என்ற பயம் நேருவுக்கு இருந்தது. 1948-ல் தார் கமிஷன் மொழிவாரி மாநிலம் வேண்டாம் என்றது. நேரு, படேல், பட்டாபி சீதாராமய்யா குழுவும் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொன்னது.

அந்தத் தயக்கத்தை ஒரு மரணம் உடைத்தது. ஆந்திர மாநிலம் கேட்டு, 1952 அக்டோபர் 19-ல் சென்னையில் உண்ணாவிரதம் தொடங்கிய பொட்டி ஸ்ரீராமுலு, டிசம்பர் 15-ல் உயிரிழந்தார். தெலுங்குப் பகுதிகளில் கலவரம் வெடித்தது. நான்கே நாளில் நேரு ஆந்திர மாநிலத்தை அறிவித்தார். 1953 அக்டோபர் 1-ல் கர்னூலைத் தலைநகராகக் கொண்டு அது பிறந்தது. சென்னை நகரம் தமிழர்களிடமே இருந்தது.

ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் கேட்காமல் இருப்பார்களா? 1953 டிசம்பரில் பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் என மூவர் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 104 இடங்களுக்குப் போனார்கள். 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் பேசினார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்தன.

தெற்குத் திருவிதாங்கூர் தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. மார்ஷல் நேசமணி தலைமையில் தமிழகத்தோடு சேரப் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் பலர் உயிரிழந்தனர்.

நவம்பர் 1, 1956

அன்று ஏ, பி, சி, டி பாகுபாடு ஒழிந்தது. ராஜ பிரமுகர் பதவியும் போனது. 14 மாநிலங்கள், 6 யூனியன் பிரதேசங்கள் என்று வரைபடம் மாறியது. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் ராஜ பிரமுகரிலிருந்து ஆளுநர் ஆனார், பின்னாளில் சென்னை மாநிலத்துக்கும் ஆளுநராக வந்தார்.

தமிழகத்தின் கணக்கு என்ன? வந்தவை: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள், செங்கோட்டையின் ஒரு பகுதி. போனவை: மலபார் கேரளத்துக்கு, தென் கன்னடமும் கொள்ளேகாலும் மைசூருக்கு. கேட்டும் கிடைக்காதவை: தேவிகுளம், பீர்மேடு. திருத்தணி வந்து சேர 1960 வரை ஆனது.

கோடு கிழித்தால் யாராவது ஒருவர் தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்வார் என்பதற்கு இதுவே சாட்சி. கல்குளம் தாலுகாவின் பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில். பராமரிப்பதோ இன்றைக்கும் கேரள அரசு!

கதை முடிந்துவிட்டதா?

இல்லை. தெலங்கானாவை உடனே ஆந்திராவோடு சேர்க்க வேண்டாம், தனியாக இருக்கட்டும் என்று ஆணையம் 1955-லேயே சொன்னது. அதைக் கேட்காமல் சேர்த்தார்கள். 2014-ல் பிரித்தார்கள். பெலகாவி யாருக்கு என்று மகாராஷ்டிராவும் கர்நாடகாவும் இன்னும் உச்ச நீதிமன்றத்தில் நிற்கின்றன. இன்று 28 மாநிலங்கள், 8 யூனியன் பிரதேசங்கள்.

அரசியலமைப்பின் 3-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தின் எல்லையை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் மாற்றலாம். சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், ஏற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால், 1952-ம், 1954-ம், 2014-ம் சொல்வது வேறு. டெல்லியில் பேனா பிடிப்பவர்கள் கோடு போடலாம். அந்தக் கோடு நிலைப்பதும் அழிவதும் அதன் இருபக்கமும் வாழ்கிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

அடுத்த முறை எல்லைப் பக்கத்து ஊர்க்காரர் யாராவது இரண்டு மொழி கலந்து பேசினால் சிரிக்காதீர்கள். அவர் மொழியை மாற்றிக்கொண்டவர் அல்ல. அவர் வீட்டு வாசலில் மாநிலம் மாறிப்போன கதை அது.