கணக்கில் வாராதோர்

நலத்திட்டம் எதுவாயினும் அதன் அடித்தளம் கணக்கெடுப்பே. எத்துணைப் பேர், எவ்வூரில், எத்தகைய குறைபாட்டோடு வாழ்கின்றனர் என்பதை அறியாமல் நிதி ஒதுக்குதல் இயலாது. நம் நாட்டில் 1981-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உடற்குறை பற்றிய வினா இருந்தது. 1991-இல் அது விடுபட்டது. 2001-இல் மீண்டும் இடம்பெற்றது. இடையில், 1995-இல், மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டமும் பிறந்துவிட்டது! 2011-இல் எண்ணப்பட்டோர் 2.68 கோடியினர்; மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு.

இவ்வெண்ணும் முழுமையானதன்று என்றே கருதுகிறோம். கணக்கெடுப்பாளர் வாயிலில் நின்று வினவுங்கால், மணப்பருவத்து மகள் உள்ள வீட்டில் அவள் தம்பியின் மனவளர்ச்சிக் குறையை யார் உரைப்பர்? நம் தெருக்களிலேயே இதனைக் கண்டிருக்கிறோம்.

முதற்சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 21 ஆக்கியது. அரசுப் பணியில் ஒதுக்கீடும் 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆயிற்று. ஆயினும் அவ்வொதுக்கீட்டைப் பெற 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உண்டெனச் சான்று வேண்டும். நடக்கவியலாத மகனைச் சான்றுக்காகத் தூக்கிச்செல்லும் தாய் அன்றைய கூலியை இழக்கிறாள். சக்கர நாற்காலியின் விலையைக் கணிக்கும் திட்டக் கோப்பில் இக்கூலிக்கு இடமில்லை.

மிகுந்த உதவி தேவைப்படுவோர்க்குப் பராமரிப்புப் படி வழங்கவும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டே என்னும் வரையறையும் அப்பிரிவிலேயே உள்ளது.