தசமி நிலாவும் ஒரு கொலை வழக்கும்

1858 மே 7. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரின் நீதிமன்றம். கூண்டில் நிற்கும் சாட்சி சார்லஸ் ஆலன். முந்தைய ஆண்டு ஆகஸ்ட் 29 இரவு பதினொரு மணி வாக்கில், டஃப் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற இளைஞன் மெட்ஸ்கர் என்பவரை வாரில் கட்டிய குண்டால் அடித்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். நின்ற தூரம் சுமார் 150 அடி. அங்கிருந்து எப்படித் தெரிந்தது? நிலா உயரத்தில் பளிச்சென்று காய்ந்ததாம்.

எதிரி தரப்பு வக்கீல் மறுத்துப் பேசவில்லை. நிலாவைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டு, சாட்சியை அந்தப் பதிலிலேயே ஊன்றி நிற்க வைத்தார். பிறகு 1857ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். அந்த நேரத்தில் நிலா மேற்கே அடிவானத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. டஃப் விடுதலையானான். வக்கீலின் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

பஞ்சாங்கம் மட்டும்தான் வழக்கை ஜெயித்தது என்று சொல்லிவிட முடியாது. அந்தக் குண்டு தன்னுடையது என்று வேறொருவர் சாட்சி சொன்னார். தலையின் முன்பக்கக் காயம் பின்பக்க அடியாலும் ஏற்பட்டிருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் கதையாக நின்றது பஞ்சாங்கம்தான். கூடவே ஒரு வதந்தியும் ஒட்டிக்கொண்டது: லிங்கன் காட்டியது வேறு ஆண்டின் பஞ்சாங்கம், ஏமாற்றிவிட்டார் என்று. சந்தேகத்துக்கு இடமும் இருந்தது. அன்று ஏறக்குறைய வளர்பிறைத் தசமி. தசமி நிலா நள்ளிரவு தாண்டி இரண்டு மணி வாக்கில் மறைவதுதானே வழக்கம்?

1990இல் டெக்சாஸைச் சேர்ந்த டொனால்ட் ஓல்சனும் ரஸ்ஸல் டோஷரும் கணக்கிட்டுப் பார்த்தார்கள். அன்று நிலா உச்சிக்கோட்டைக் கடந்தது இரவு 7.44க்கு, மறைந்தது 12.04க்கு. ஆறு மணி நேரம் எடுக்க வேண்டிய இறக்கம் நாலேகால் மணி சொச்சத்தில் முடிந்திருக்கிறது.

காரணம் நமக்குப் பழக்கமானதுதான்: ராகு, கேது. நிலாவின் பாதை, சூரியன் போகும் பாதைக்கு 5 பாகை சாய்வானது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளையே ராகு, கேது என்கிறோம். அவை பின்னோக்கி நகர்ந்து, ராசிக்கு ஒன்றரை ஆண்டு வீதம் 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கின்றன. சுற்றில் ஒருமுறை, அந்த 5 பாகை சூரியப் பாதையின் 23.5 பாகைச் சாய்வோடு சேர்ந்துகொள்ளும். அப்போது நிலா நடுக்கோட்டிலிருந்து 28.5 பாகை வரை தெற்கே போகும். 1857 அப்படி ஓர் ஆண்டு. அன்று நிலா தனுசு விண்மீன்களுக்கிடையே, தெற்கின் எல்லையை ஒட்டி இருந்தது. பியர்ட்ஸ்டவுன் இருப்பதோ 40 பாகை வடக்கில். அங்கிருந்து பார்த்தால் இந்த நிலா தென்வானத்தில் தாழ்வாக ஒரு சின்ன வில் போட்டு இறங்கிவிடும்.

பதினொரு மணிக்கு அது அடிவானத்துக்கு மேலே பத்து பாகைகூட இல்லை. நேர் மேலே இருக்கும்போது கடப்பதைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு காற்றைக் கடந்துதான் அந்த ஒளி வர வேண்டும். கண்ணுக்கும் ஒரு வரம்பு உண்டு. மங்கிய ஒளியில் நமக்கு உதவுபவை கோல் செல்கள். அவற்றுக்கு நிறம் தெரியாது. நாம் உற்றுப் பார்க்கும் விழித்திரையின் நட்டநடுவில் அவை இல்லவே இல்லை. முகத்தை அடையாளம் காணத் தேவையான நுணுக்கம் அங்கேதான் கிடைக்க வேண்டும்.

ஆலன் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். இருட்டியதும் நிலா உண்மையாகவே காய்ந்தது. எட்டரை மணி வெளிச்சத்தைப் பதினொரு மணிச் சம்பவத்தோடு அவர் மனம் சேர்த்துத் தைத்திருக்கலாம். லிங்கனைச் சந்தேகித்தவர்களும் அதே நிலாவைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள்.

வாய்ப்புக் கிடைத்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். தெருவிளக்கு இல்லாத ஒரு வயல்வெளி, நிலா மறைய ஒரு மணி நேரம் இருக்கும் இரவு. நாலு பேரை 150 அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவர்களில் உங்கள் நண்பர் யார் என்று சொல்லுங்கள்.