தண்ணி பழகட்டும்... அப்புறம் மீன்!

‘‘ரெண்டே வாரம்தான் சார்... ஒவ்வொண்ணா மிதக்க ஆரம்பிச்சிடுச்சு. பிள்ளைங்க அழுத அழுகையில தொட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டோம்!’’

மீன் வளர்த்துப் பார்த்த பல வீடுகளில் கேட்கிற கதை இது. ‘கடைக்காரர் சீக்கு மீனைத் தலையில் கட்டிட்டார்’ என்று பழியும் போடுவார்கள். பெரும்பாலும் குறை மீனிடம் இல்லை; அவசரத்தில்தான் இருக்கிறது. தொட்டி வாங்கிய அன்றைக்கே மீனையும் வாங்கி விடுகிறோமே... அங்கேதான் சிக்கல்!

மீனின் கழிவிலிருந்தும், தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. தண்ணீர் பளிங்கு மாதிரி தெளிவாக இருக்கும். ஆனால், மீனின் செவுளை அரித்துக் கொண்டிருக்கும். இதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் மீனுக்கு நிம்மதி. இந்த நல்ல பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாமலேயே ஃபில்டரை ஓட விட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போட்டு வாருங்கள். ஆரோக்கியமான மீன்கள் இருக்கிற பழைய தொட்டி தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அந்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள். பாலுக்கு உறைமோர் மாதிரி... வேலை சீக்கிரம் முடியும். அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட் மீன் கடைகளில் கிடைக்கிறது. இரண்டும் பூஜ்யம் காட்டினால் மீன் வாங்கப் போகலாம்.

அடுத்தது, எந்தத் தண்ணி? திசையன்விளைப் பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கணும். 2021 மழையில் பக்கத்து ஆயன்குளத்தில் ஒரு கிணறு, வாரக்கணக்கில் வெள்ளத்தைக் குடித்தும் நிரம்பாமல் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சென்னை ஐ.ஐ.டி.காரர்கள் வந்து ஆராய்ந்து, ‘அடியில் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் இருக்கு’ என்றார்கள். சுண்ணாம்புப் பாறை வழியே ஊறி வரும் தண்ணீர் கடினமாகத்தான் இருக்கும். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது! கடலோரமாகப் போகப் போக உப்பும் சேர்ந்து கொள்ளும்.

‘அப்ப நம்ம வீட்ல மீன் வளர்க்க முடியாதா அண்ணாச்சி?’ என்று கேட்காதீர்கள். தண்ணிக்குத் தகுந்த மீனை வாங்கினால் போச்சு! கப்பி, மோலி, பிளாட்டி மூன்றும் கடினத் தண்ணீரை விரும்புகிற ஜாதி. நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்மையான தண்ணீர் கேட்பவை. ஆரம்பத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் என்றால், அதில் குளோரின் இருக்கும். அகலமான வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தோ, ஆன்டி குளோரின் சொட்டு மருந்து விட்டோ பயன்படுத்துங்கள்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் போதும். சுமார் 50 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 50 கிலோ என்பதால் ஆட்டம் காணாத மேஜை வேண்டும். சின்னத் தொட்டி பார்த்துக்க சுலபம் என்று நினைக்கிறோம். உண்மையில் தண்ணீர் குறையக் குறைய அது கெடுகிற வேகம்தான் கூடும். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைத் தங்கமீனை விடுவது, என்னைக் கேட்டால், பாவம்! உவரி கடற்கரை மணலை அள்ளி வந்து போடாதீர்கள். சிப்பித்தூளும் உப்பும் இருக்கும். நம் ஊருக்கு ஹீட்டர் தேவையே இல்லை. வெயில்தான் எதிரி. தண்ணீர் சூடேறினால் ஆக்ஸிஜன் குறையும். ஜன்னல் ஓரம் வேண்டாம். கரண்ட் கட்டுக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இருக்கட்டும்.

முதலில் 3, ஒரு வாரம் கழித்து இன்னும் 3 என்று கப்பி விடுங்கள். ஆணாகவே வாங்குவது புத்திசாலித்தனம். இல்லாவிட்டால் மாதா மாதம் பிரசவம்தான்! இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் தீனி கூடாது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். வெளியே எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள். குழாயடியில் வைத்துக் கசக்கினால், வளர்த்த பாக்டீரியா எல்லாம் போச்சு!

வேண்டாத மீனைக் குளத்திலோ ஆற்றிலோ விடாதீர்கள். ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கிறார்களே, அந்த சக்கர் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு ஏரி, குளங்களில் பெருகியது. தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயராகத் தாங்கிய ஒரு கெண்டை இனம் ஏற்கெனவே அழிவின் விளிம்பில் நிற்கிறது.

இவ்வளவு மெனக்கெட்டால் என்ன பலன்? இங்கிலாந்தின் பிளைமவுத் நகர மீன் காட்சியகத்தில் நடந்து, 2015-ல் வெளியான ஆய்வில், தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் குறைந்தது தெரிந்தது. அதற்காக பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

ஒரு எச்சரிக்கை. ட்யூபை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்காதீர்கள். உள்ளே கை விடுமுன் பிளக்கைப் பிடுங்குங்கள். வெளியே எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டி வேலை வேண்டாம். மீன் தொட்டித் தண்ணீரில் வாழும் ஒரு கிருமி காயத்தில் புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத கட்டியாக நிற்பதுண்டு. அப்படி ஏதாவது தெரிந்தால், வீட்டில் மீன் வளர்க்கிற விஷயத்தையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.