எல்லாப் பழியும் இடியின் மேலா?

பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தது, டிவி போய்விட்டது என்று சொன்னதும் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. மெக்கானிக் போர்டைக் கழற்றிக்கொண்டு போகிறார். இயற்கையிடம் யார் போய் நட்டஈடு கேட்பது என்று வீட்டுக்காரர் பணத்தை எடுத்து வைக்கிறார். ஆனால் ‘இடி’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு காரணங்கள் ஒளிந்திருக்கின்றன. காரணம் மாறினால் பொறுப்பாளியும் மாறுவார். எது நடந்தது என்று காட்டும் தடயமோ, பழுது பார்த்த அன்றே குப்பைக்குப் போய்விடுகிறது.

மின்னலின் மின்னோட்டம் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவில் இருக்கும். அது வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை. அருகில் விழுந்தாலே மின்கம்பி, கேபிள் வயர், இணைய வயர் எல்லாவற்றிலும் ஒரு கண அதிர்வலை ஓடும். டிவி ஆஃப் ஆகியிருந்தும் செட்டாப் பாக்ஸோடு டிவியின் ஹெச்டிஎம்ஐ பகுதி மட்டும் கருகியிருந்தால், அலை கேபிள் வழியாக வந்திருக்க வாய்ப்பு அதிகம். இது ஒரு வகை. இன்னொரு வகையில், அதே புயல்மழையில் கம்பத்தின் நியூட்ரல் கம்பி அறுந்துபோகிறது. 230 வோல்ட் வர வேண்டிய சில வீடுகளுக்கு 400 வோல்ட் வரை ஏறும், சில வீடுகளில் விளக்கு மங்கும். ஒரு தெருவில் பாதி வீட்டில் பல்பு பளீரென எரிந்து வெடித்து, மீதி வீட்டில் மின்விசிறி சுற்றத் திணறினால், அங்கே சந்தேகப்பட வேண்டியது முதலில் நியூட்ரலைத்தான். லைன் பராமரிப்பு மின்வாரியத்தின் வேலை.

‘கம்பி அறுந்ததே இடியால்தானே, கடவுள் செயலுக்கு வாரியம் என்ன செய்யும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மின்னல் நேராகத் தாக்கி அறுந்த கம்பிக்கு வாரியத்தைக் குற்றம் சொல்வது கடினம். ஆனால் கிளை வெட்டாமல் விட்ட மரம், துருப்பிடித்த இணைப்பு, முன்பே புகார் கொடுத்தும் சரிசெய்யாத லைன் ஆகியவை கடவுள் செயல் ஆகா. 2002-இல் ஷைல் குமாரி வழக்கில், அறுந்து கிடந்த மின்கம்பியால் நேர்ந்த மரணத்துக்கு, வேறொருவர் செய்த தவறு என்ற சாக்கை ஏற்காமல் மத்தியப் பிரதேச மின்வாரியமே பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். அது உயிரிழப்பு வழக்கு. டிவிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. எனினும் வாரியம் கைகழுவிவிட முடியாது என்பதற்கு அது வலுவான சான்று. மின்சாரச் சட்டம் 2003-இன் 42-ஆம் பிரிவு குறைதீர் மன்றத்தையும், அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளரையும் தந்திருக்கிறது. சேவைக் குறைபாட்டால் பொருள் நட்டம் என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியின் விலக்குகளைப் படிக்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருக ரக்ஷா’ பாலிசி மின்னலை ஆபத்துகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதே பாலிசியின் விலக்குப் பகுதியோ, அதிக மின்னழுத்தத்தாலும் ஷார்ட் சர்க்யூட்டாலும் கெட்ட அந்தக் குறிப்பிட்ட மின்சாதனத்துக்குப் பணம் இல்லை என்கிறது. ‘மின்னலால் நேர்ந்தாலும்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லும் போட்டிருக்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் எழுத்து இது. ஃப்ரிட்ஜில் பற்றிய தீ அலமாரிக்குப் பரவினால் அலமாரிக்குக் கேட்கலாம், ஃப்ரிட்ஜுக்குச் சிக்கல். மின்சாதனப் பழுதுக்குத் தனிக் கூடுதல் காப்பு உண்டா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். கோரிக்கையை மறுத்தால் ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

எங்கே போனாலும் கேட்கப்போவது ஆதாரம். அதற்கும் முன்னால் உயிர்: கருகிய வாடை வந்தால், கை ஈரமில்லாமல் இருந்து, தொடுவது பாதுகாப்பு என்றால் மட்டும் மெயினை ஆஃப் செய்யுங்கள். தகுதி பெற்ற எலெக்ட்ரீஷியன் மெக்கர் (காப்புறைச் சோதனைக் கருவி) வைத்துச் சோதிக்கும்வரை எதையும் போடாதீர்கள். காப்புறை கெட்டிருந்தால் வெளியே தெரியாது. பிறகு நேரத்தைக் குறித்து, பொருள்களை வரிசை எண்ணோடு படமெடுத்து, தமிழ்நாடு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் எண் வாங்கி, உதவிப் பொறியாளருக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறலாம். எந்தப் பாகம் எதனால் எரிந்தது என்று மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி, கருகிய போர்டையும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். அன்றைய மின்தடைப் பதிவின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். இருபதாயிரம் ரூபாய் டிவிக்கு இவ்வளவு அலைச்சலா என்றால், தனி வீட்டுக்கு அது அலைச்சல்தான். ஒரே தெருவில் பத்து வீடு சேர்ந்தால் கதை வேறு; நியூட்ரல் போனதற்கு அந்தப் பத்து வீடுகளே சாட்சி.

எம்சிபி இருக்கிறது, ஸ்டெபிலைசர் இருக்கிறது என்ற தைரியம் வேண்டாம். எம்சிபி விழ மில்லி விநாடிகள் ஆகும். மின்னல் அலை மைக்ரோ விநாடிகளில் வேலையை முடித்துவிடும். அதற்கென்றே உள்ள சர்ஜ் புரொடெக்டரை மெயின் போர்டில் பொருத்தலாம். நல்ல எர்த் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. கேபிள் வயருக்கு அது காவல் இல்லை. அந்த வயரை, வானம் இருட்டும்போதே கையால் கழற்றிவிட வேண்டும். இடி கேட்கத் தொடங்கிய பிறகு அருகே போகக் கூடாது.