பேசாலை மணலும் கிளச் பிளேட்டும்

மன்னார்த் தீவில் ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. அந்தக் கணக்கில் இங்கு ஓடும் வாகனங்களின் கிளச் பிளேட் நெடுங்காலம் உழைக்க வேண்டும். ஆனால் மலையகத்தில் மலை செய்வதை நமக்கு மணல் செய்துவிடுகிறது. பேசாலையிலோ தலைமன்னாரிலோ மீன் ஏற்றக் கரைக்கு இறங்கிய பட்டா லொறி புதைந்ததும் சாரதி கிளச்சை அரைவாசி மிதித்தபடி எஞ்சினை உறுமவிடுகிறார். சற்று நேரத்தில் கருகல் வாடை. அந்த வாடைக்குத்தான் பிறகு கராஜில் காசு கட்டுகிறோம்.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரம் ஃபிளைவீல். அதற்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் இறுகிக் கிடப்பது கிளச் பிளேட். மிதித்தால் பிடி தளர்ந்து எஞ்சின் தனியே சுழலும். காலை எடுத்தால் பிடி இறுகி, சுழற்சி கியர்பொக்ஸுக்குப் போகும். அரைவாசி மிதித்தால் பிடிப்புமில்லை, விடுப்புமில்லை, வெறும் உரசல்தான். சில்லுக்குப் போகவேண்டிய பலம் சூடாக மாறிப் பிளேட்டைத் தின்கிறது.

புதைந்தால் உறுமவிடாதீர்கள். சில்லுக்கு முன்னாலுள்ள மணலை வாருங்கள், டயர்க் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள், பனைமட்டையோ பலகையோ போட்டு, முதலாம் கியரில் கிளச்சை முழுதாக விட்டு மெதுவாக எடுங்கள். தார் றோட்டுக்கு ஏறியதும் காற்றைத் திரும்ப அடிக்க மறக்கவேண்டாம்.

கியர்பொக்ஸ் பல்லுக் கணக்கு. 15 பல் சக்கரம் 45 பல் சக்கரத்தைச் சுற்றினால் வேகம் மூன்றிலொன்றாகும், திருகுவிசை மூன்று மடங்காகும். முதலாம் கியரின் இழுவை அங்கிருந்துதான் வருகிறது.

கிளச் வேறு, கியர்பொக்ஸ் வேறு. இது தெரியாதவரிடம்தான் "கியர்பொக்ஸ் முடிஞ்சுது, இறக்கோணும்" என்று பெரிய பில்லை நீட்ட முடியும். நல்ல பாஸ்மார் நம்மிடையே நிறையப்பேர் இருக்கிறார்கள். இருந்தாலும் கராஜுக்குப் போகுமுன் நீங்களும் ஒருதரம் பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது கியர் சுகமாக விழுந்து, ஓடும்போது முழுதாக மிதித்தும் விழ மறுத்தால், பெரும்பாலும் கிளச்தான் சரியாக விடவில்லை. கேபிள் தளர்வு, எண்ணெய்க் கசிவு போன்ற சின்னக் குற்றமாகவும் இருக்கலாம். இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் பிளேட் வழுக்குகிறது. ஓடும்போது கியர் தானாகக் கழன்றால் கியர்பொக்ஸைச் சந்தேகிக்கலாம்.

வேலை தொடங்குமுன் செலவுக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய பிளேட்டைக் கையில் வாங்குங்கள். பற்றுச்சீட்டில் வாகன இலக்கம், திகதி, பாகத்தின் பெயர், அது புதிதா பாவித்ததா என்பது இருக்கட்டும். தெரிந்த ஆள், எப்படிச் சீட்டுக் கேட்பது என்ற கூச்சம் நம்மிடம் அதிகம். அந்தக் கூச்சம்தான் பிறகு வழக்கைக் கெடுக்கிறது.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, காசு வாங்கிச் செய்யும் சேவை தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படவேண்டும், போடும் பாகமும் தேவைக்குப் பொருந்தவேண்டும். பில்லில் எழுதாவிட்டாலும் இந்த உத்தரவாதம் உண்டு. புதுப் பிளேட் சில நாளில் வழுக்கினால் முதலில் கராஜிலேயே பேசுங்கள். சரிவராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் அழைத்து விபரம் கேட்கலாம். ஆனால் அதிகாரசபைக்கான முறைப்பாட்டை எழுத்தில், வேலை செய்து மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.